எழுந்திருக்க மறுக்கும் கார்

விடியற்காலையைப் பற்றிக் கவிகள் என்னவெல்லாமோ பாடியிருக்கிறார்கள். பட்சிகளின் கானம் என்பார்கள். புல்நுனியில் பனித்துளி என்பார்கள். கீழ்வானத்தில் செம்மை என்பார்கள். அவர்களில் ஒருவரிடமாவது முப்பது வயதான டீஸல் கார் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் பனித்துளியைப் பற்றி அவ்வளவு பிரியமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

பெட்ரோல் கார் கிளம்பாவிட்டால் அது ஒரு தனி மனிதனின் துயரம். டீஸல் கார் கிளம்பாவிட்டாலோ, அது ஒரு தெருவின் துயரம். அதன் முனகல் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஜன்னல்கள் திறக்கும். பல் விளக்கிக் கொண்டிருப்பவர் அப்படியே பிரஷ்ஷும் கையுமாக வந்து நிற்பார். "பாட்டரி போய்விட்டது, ஸார்" என்பார் ஒருவர். "நாஸில் அடைத்திருக்கும்" என்பார் இன்னொருவர். "பம்பைக் கழற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்புங்கள்" என்பார் மூன்றாமவர். ஜுரம் கண்டவனின் கட்டிலைச் சுற்றி நிற்கும் பந்துக்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. எல்லாரும் மருந்து சொல்வார்கள். நாடியைத் தொட்டுப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

டீஸல் காரின் நாடியைப் பார்ப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம். விஷயம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நாடி பார்க்காமல் கொடுத்த ஒரு தீர்ப்பினால் நம் வீட்டுக் காரின் ஆயுள் சென்ற தை மாதத்திலேயே முடிந்து, அது பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறியிருக்க வேண்டியது. ஆகையால் நமக்கு அது அற்பமாகப் படவில்லை.

நாம் இருப்பது நீலகிரி மலையில், உதகமண்டலத்துக்குச் சிறிது தூரத்தில். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் இங்கே உறைபனி விழுந்து, காலையில் புல்வெளியெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் கிடக்கும். கார், அம்பாஸடர். 1489 கன சென்டிமீட்டர் டீஸல் எஞ்சின். அது பிறந்த காலத்தில் 37 குதிரைச் சக்தி என்று சொன்னார்கள். அந்தக் குதிரைகளில் இன்று எத்தனை உயிரோடிருக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்திய தேசத்தில் டீஸலில் ஓடிய முதல் கார் அந்த வம்சந்தான். ஆங்கிலேயர்களின் வார்ப்பில் பிறந்ததாயினும், வங்காளத்து உத்தர்பாராவில் நம்மவர்கள் கையால் உருப்பெற்று, மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் பேதமின்றிச் சுமந்து, 2014ஆம் வருஷம் மே மாதத்தோடு உற்பத்தி நின்று போயிற்று. இருப்பதைக் காப்பாற்றிக் கொண்டால்தான் உண்டு.

பள்ளிக்கூடத்துக்கு நாமும் சக உபாத்தியாயர்கள் இருவரும் அதில்தான் போகிறோம். அன்றியும், பொதுப் பரீட்சை நடக்கும் நாட்களில், பஸ் நேரத்துக்கு வராத ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து நாலு பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்தில் கொண்டு போய்ச் சேர்க்கும் பொறுப்பும் அந்தக் காருக்கு உண்டு. பரீட்சை மண்டபத்தின் கதவு எந்த எஞ்சினுக்காகவும் காத்திராது. பிள்ளைகளோ, பத்து வருஷம் படித்த படிப்பை அந்த மூன்று மணி நேரத்தில் காட்ட வேண்டியவர்கள்.

மார்கழி பிறந்ததிலிருந்து கார் எழுந்திருக்க வரவர நேரமாயிற்று. முதலில் பத்து விநாடி, பிறகு இருபது, பொங்கலுக்குள் ஐந்தாறு தடவை சாவியைத் திருப்பினால்தான் உயிர் வரும் என்ற நிலை. மலையடிவாரத்தில் ஒரு பட்டறைக்கு ஓட்டிக் கொண்டு போய்க் காட்டினோம். பட்டறைக்காரர் பானட்டைத் திறந்தார், கிளப்பச் சொன்னார், மூடினார். "கம்ப்ரஷன் போய்விட்டது, ஸார். எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும். அதற்கு எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார். ரீபோருக்கு அவர் சொன்ன தொகை நம்முடைய இரண்டு மாதச் சம்பளம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கண் முன்னால் அந்தக் கார் இரண்டாவது திருப்பலிலேயே கிளம்பிவிட்டது. செத்துப் போனதாகச் சொல்லப்பட்டவன் எழுந்து நடந்ததை அவர் ஒரு சாட்சியமாகவே கொள்ளவில்லை.

அந்தத் தீர்ப்பைச் சோதிக்க வேண்டுமானால், டீஸல் எஞ்சின் எப்படி உயிர் பெறுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு; டீஸலில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லாரும் அறிவோம். காற்றை நெருக்கினால் சூடேறும் என்ற அந்த ஒரே தத்துவத்தின் மேல்தான் டீஸல் எஞ்சின் நிற்கிறது. மலாய் தேசத்தார் வெகு காலமாகவே ஒரு சிறு குழாயும் அதற்குள் செல்லும் தண்டும் வைத்துக் கொண்டு, தண்டை ஓங்கி அடித்து, உள்ளே வைத்த பஞ்சைப் பற்ற வைத்து வந்தார்கள். ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானியர் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் உள்ளேயும் இந்த வித்தைதான். காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கினால் அது பழுக்கக் காய்ந்துவிடுகிறது. அதற்குள் எண்ணெயைப் புகை போல் பீச்சினால் தானே பற்றிக் கொள்கிறது. எண்ணெய் இன்னதென்றுகூட அது அதிகமாகப் பார்ப்பதில்லை. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் இப்படிப்பட்ட எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது. கடலை விளையும் தேசத்தில் பிறந்த நாம் இன்று கச்சா எண்ணெயில் பெரும் பகுதியைக் கப்பலில் வரவழைத்துக் கொண்டிருக்கிறோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. நிற்க.

காற்றை நெருக்குவதால் வரும் சூடு, தொடக்கத்தில் காற்று எவ்வளவு உஷ்ணமாயிருந்தது என்பதைப் பொறுத்தது. இதில் ஒரு சிறு கணக்கு உண்டு. பயப்பட வேண்டாம், விடையை மட்டும் சொல்லிவிடுகிறோம். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் உள்ளே நுழையும் காற்று, நெருக்கின பிறகு சுமார் 500 டிகிரி ஆகிறதென்றால், இங்கே 5 டிகிரியில் நுழையும் காற்று 440 டிகிரியோடு நின்றுவிடும். வாசலில் 25 டிகிரி குறைந்தால் அடுப்பில் 60 டிகிரி குறைகிறது. அதோடு உதகையின் காற்று மெலிந்த காற்று. அதன் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். சிலிண்டரின் சுவர்களோ ஜில்லென்றிருக்கின்றன. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் நெருக்கப்பட்ட காற்று தன் சூட்டையெல்லாம் அந்தச் சுவர்களுக்குத் தானம் செய்துவிடும். வளையங்களின் இடுக்கால் கசியவும் அவகாசம் கிடைக்கும். ஆகவே வேகந்தான் சூடு, சூடுதான் உயிர்.

குன்னூரில் ஒரு வயதான மேஸ்திரி இருக்கிறார். லாரிகளும் தோட்டத்து ஜீப்புகளும் பார்த்து நரைத்தவர். எழுபதைத் தாண்டியவர். பட்டறை என்று சொல்வதற்கு ஒரு தகரக் கொட்டகை, பலகை கிடையாது. நண்பர் ஒருவர் சொல்லி அவரிடம் போனோம். அவர் பானட்டைத் திறக்கவில்லை. முக்காலி ஒன்றை நமக்குப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"காலையிலே செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது, ஸார்? வேகமாகச் சுற்றியும் பிடிக்க மாட்டேன் என்கிறதா? இல்லை, சுற்றுவதே சோம்பலாக இருக்கிறதா?"

செல்ஃப் என்பது எஞ்சினைச் சுற்றிவிடும் மின்சார மோட்டார். கிளம்பாத டீஸல் காரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுதான் தலையானது என்று இப்போது நமக்குப் புலப்படுகிறது. ஏனெனில், சோம்பிச் சுற்றுகிறதென்றால் வியாதி மின்சாரத்தில். சுறுசுறுப்பாய்ச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் வியாதி எண்ணெயிலோ சூட்டிலோ. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி எஞ்சினைப் பார்க்க வேண்டியதில்லை. "சோம்பலாகத்தான்" என்றோம். "புகை?" என்றார். "முதலில் இல்லை, மேஸ்திரி. கிளம்புகிற சமயத்தில் வெள்ளையாக, வீடு கொள்ளாமல் வருகிறது." "ராத்திரி காரை எந்தப் பக்கம் மூக்கு வைத்து நிறுத்துகிறீர்கள்?"

இந்தக் கடைசிக் கேள்வி நம்மைத் திடுக்கிடச் செய்தது. காருக்கு வாஸ்து பார்க்கிறாரோ என்று ஒரு கணம் சந்தேகம் உண்டாயிற்று. நம் வீட்டு முற்றம் சரிவானது. காரை மேட்டைப் பார்க்க நிறுத்துவதே வழக்கம். அதைச் சொன்னோம். "இன்று ராத்திரி பள்ளத்தைப் பார்த்து நிறுத்துங்கள். காலையில் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஒரு திருகாணியைத் தொடவில்லை.

மறுநாள் காலை கார் வழக்கத்தில் பாதி நேரத்தில் கிளம்பியது.

காரணத்தைப் பிற்பாடு விளக்கினார். அம்பாஸடரில் எண்ணெய்த் தொட்டி காரின் பின்புறம், எஞ்சின் முன்புறம். இடையிலுள்ள குழாயில் எங்கேனும் ஊசி முனையளவு இடுக்கு இருந்தால், எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஒழுகாது. ஏனென்றால் அங்கே பம்பு உறிஞ்சுகிறது. இரவில் மூக்கு மேட்டில் இருந்தால் எண்ணெய் சரிவில் பின்வாங்கித் தொட்டிக்கே போய்விடும். அதன் இடத்தில் காற்று வந்து உட்கார்ந்து கொள்ளும். காலையில் அந்தக் காற்று முழுதும் வெளியேறினால்தான் எண்ணெய் நாஸிலுக்கு வந்து சேரும். அதுவரை புகைகூட வராது. புகையில்லாமல் சுற்றுகிற எஞ்சின் பட்டினி கிடக்கிற எஞ்சின். வெள்ளைப் புகை விட்டுச் சுற்றுகிறது, சோறு வந்தும் ஜீரணிக்க முடியாத எஞ்சின். நம் கார் முதலில் பட்டினியாகவும் பிறகு அஜீரணமாகவும் இருந்தது. இரண்டு வியாதி.

ஓர் அம்பாஸடரின் மூக்கைத் திருப்பி வைத்தே, குழாயில் காற்று புகுகிறது என்று கண்டுபிடிக்க முடியும் என்பதை எந்த விஞ்ஞானப் புஸ்தகத்திலும் நாம் படித்ததில்லை. சர்வகலாசாலையில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கினவர்கள்தாம் நாம். சரிவும் மட்டமும் அழுத்தமும் நமக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் அவற்றை நம் வீட்டு முற்றத்தில் கொண்டு வந்து நிறுத்தியவர் எட்டாம் வகுப்பு தாண்டாத மேஸ்திரி. கையில் எண்ணெய் படிந்தவனுக்குப் புத்தி குறைவு என்று எண்ணும் பழக்கம் படித்தவர்களிடத்தில் இன்னும் போகவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் போகாத அடிமைத்தனங்களில் அதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

அடுத்தது செல்ஃபின் சோம்பல். இதற்கு மட்டும் மேஸ்திரி ஒரு கருவியை எடுத்தார்: சின்ன மின்சார மீட்டர். பாட்டரியில் வைத்துப் பார்த்தார், 12.5 வோல்ட். நல்ல பாட்டரிதான். பிறகு நம்மைச் செல்ஃப் போடச் சொல்லிப் பார்த்தார்; 10.4. அதுவும் குற்றமில்லை. சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பாட்டரியைச் சந்தேகிக்க வேண்டுமாம். மூன்றாவதாக மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் தலையிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்தார். இந்த இரண்டும் கனத்த பட்டையால் இணைந்தவை. ஆகவே மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். அரை வோல்ட் இருந்தாலே அதிகம். செல்ஃப் சுற்றுகையில் அது 1.6 காட்டியது.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். டாஷ்போர்டிலிருந்து பம்புக்குப் போகும், எஞ்சினை நிறுத்துவதற்கான இழுப்புக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். "தொட்டுப் பாருங்கள், ஸார்" என்றார். தொட்டோம். வெதுவெதுப்பாக இருந்தது. பனிக் காலக் காலையில், இன்னும் கிளம்பாத காரில், ஒரு கம்பி சூடாயிருப்பானேன்? எஞ்சினிலிருந்து பாட்டரிக்குத் திரும்ப வேண்டிய மின்சாரத்துக்கு ராஜபாட்டை அடைபட்டிருந்தது. அதனால் அது இந்த ஒற்றையடிப் பாதையில் நெரித்துக் கொண்டு போய்க் கொண்டிருந்தது. எஞ்சினையும் காரின் உடலையும் சேர்க்கும் எர்த் பட்டை என்று ஒன்று உண்டு; பின்னிய செம்புக் கம்பி. அதன் ஒரு முனை பச்சையாகப் பூத்து, திருகாணியின் அடியில் துரு ஏறியிருந்தது. செல்ஃப் இழுக்கும் மின்சாரம் 200 ஆம்பியர் என்று வைத்துக் கொண்டால், 1.6 வோல்ட்டை விழுங்குவதற்கு ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குத் தடைகூட வேண்டாம். அவ்வளவு அற்பமான பச்சைக் களிம்புக்காகவா இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி எஞ்சினை இறக்கச் சொன்னார்கள்!

இனி அந்த வெள்ளைப் புகை. எண்ணெய் வந்தும் பற்றவில்லை என்பதன் அடையாளம் அது. இந்த ரக எஞ்சின்களில் குளிர்காலத்துக்கென்றே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. சாவியைப் பாதி திருப்பிச் சற்றுப் பொறுத்திருந்தால் அது உள்ளே கனலாகப் பழுத்து, காற்றுக்குக் குறைந்த சூட்டை ஈடு செய்யும். சமவெளியில் இருப்பவர்கள் நாலில் இரண்டு பிளக் செத்துப் போயும் வருஷக்கணக்காக அறியாமல் ஓட்டுவார்கள். மலையிலோ ஒன்று போனாலும் தெரிந்துவிடும். பரீட்சிப்பது சுலபம். பிளக்கின் தலையில் மாட்டியுள்ள கம்பியைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் பாஸிடிவ் தலையிலிருந்து ஒரு சிறு பல்பின் வழியாகக் கம்பியைக் கொண்டு வந்து அந்தத் தலையைத் தொட வேண்டும். பல்பு எரிந்தால் உள்ளிருக்கும் இழை அறவில்லை. நம் காரில் மூன்று எரிந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில் மாத்திரம் இருள். சில பழைய எஞ்சின்களில் நாலு பிளக்கும் கல்யாணப் பந்தல் சீரியல் பல்பு போல் ஒரே சரத்தில் இருக்கும். அவற்றில் ஒன்று போனால் நாலும் போகும். அந்த மட்டில் நம் கார் நம்மீது கருணை காட்டியிருந்தது.

காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் அன்று பொழுதில் பெரும் பகுதி சென்றது. மேஸ்திரி உறிஞ்சும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகினார். எஞ்சின் ஓடும்போது அதில் முத்து முத்தாகக் கொப்புளங்கள் போய்க் கொண்டிருந்தன. தொட்டியிலிருந்து ஒவ்வோர் இணைப்பாக மாற்றி மாற்றிப் பார்த்துக் கொண்டு வந்தார். கடைசியில், வெளிப்பார்வைக்கு மிகவும் யோக்கியமாக இருந்த ஒரு ரப்பர் குழாய்த் துண்டு அகப்பட்டது. வளைத்துப் பார்த்தால் உள்ளெல்லாம் விரிசல். முப்பது வருஷம் டீஸலில் ஊறிய ரப்பர்; அதைக் குறை சொல்லி என்ன பயன்? அதை மாற்றி, இணைப்பிலிருந்த செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டு, கைப்பம்பை அடித்து 'ஏர்' எடுத்தார். இந்த ஏர் எடுப்பதை ஒவ்வொரு டீஸல் சொந்தக்காரரும் கற்றுக் கொள்வது நல்லது. பில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான எண்ணெய் வரும்வரை கைப்பம்பை அடித்து, பிறகு திருகை இறுக்குவது. நடுக்காட்டில் எண்ணெய் தீர்ந்து போனவர்களுக்கு இது பஞ்சாட்சரம் போன்றது.

எர்த் பட்டை, ஒரு ஹீட்டர் பிளக், ரப்பர் குழாய், வாஷர்கள், மேஸ்திரியின் கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய் ஆயிற்று. அதில் கூலிதான் குறைவு. கூடக் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. பதிலுக்கு, "காற்றை அமுக்கினால் ஏன் ஸார் சூடாகிறது? ஐம்பது வருஷமாக டீஸலைப் பார்க்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை" என்று கேட்டார். கொட்டகையில் முக்காலி மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் சொன்னோம். காற்றின் அணுக்கள் முன்னேறி வரும் பிஸ்டனில் மோதித் திரும்புகையில் வேகம் கூடித் திரும்புகின்றன என்ற இடத்தில், "மட்டையால் அடித்த பந்து மாதிரி" என்று அவரே முடித்தார். வகுப்பில் இந்த இடத்துக்கு வந்து சேர நமக்கு வழக்கமாக இரண்டு நாள் பிடிக்கும்.

இந்த ஊர்களில் குளிர்காலத்தில் சிலர் செய்யும் இரண்டு காரியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று நுழையும் வாயில் எண்ணெயில் நனைத்த கந்தலைக் கொளுத்திப் பிடிப்பது ஒன்று. எஞ்சின் கிளம்பும் வாஸ்தவந்தான். காரும் சேர்ந்து கிளம்பினால் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஈதர் என்னும் ஆவியை டப்பாவிலிருந்து பீச்சுவது மற்றொன்று. ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும் எஞ்சினில் அதைப் பீச்சினால் வேளைக்கு முன்பே வெடித்து, பிஸ்டனையும் வளையங்களையும் உடைத்துவிடும். பிறகு பட்டறைக்காரர் சொன்ன ரீபோர் நிஜமாகவே வேண்டியதாகிவிடும். செல்ஃபையும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் விடாமல் சுற்றக் கூடாது. ஒரு நிமிஷம் ஓய்வு கொடுக்க வேண்டும். எஞ்சின் ஆயிலும் கவனிக்கத்தக்கது. கோயமுத்தூரில் 20டபிள்யூ-40 போட்டு ஓட்டுகிறவர்கள் அதையே உதகையில் போட்டால், தை மாதக் காலையில் அது பாகு பதத்தில் இருக்கும். 15டபிள்யூ-40 இங்கே உத்தமம்.

காலையில் நன்றாய்க் கிளம்பி, மத்தியானம் சூடேறிய பின் நிறுத்தினால் திரும்பக் கிளம்ப மாட்டேன் என்கிற கார்களும் உண்டு. அது வேறு வியாதி. சுழல் ரகப் பம்பு உள்ளே தேய்ந்து போனால், சூட்டில் நீர்த்துப் போன டீஸல் அந்தத் தேய்மானத்தின் வழியே நழுவிவிடும். நாஸிலைத் திறக்கும் அழுத்தம் உண்டாகாது. பம்பின் தலையில் ஈரத் துணியைச் சுற்றி ஆற வைத்ததும் கிளம்பினால், சந்தேகமில்லாமல் பம்புதான். அப்போது மட்டும் கோயமுத்தூருக்கு அனுப்பலாம். பெங்களூரில் 1951இல் மைக்கோ கம்பெனி ஏற்பட்ட பிறகு இந்தப் பம்புகளும் நாஸில்களும் நம் தேசத்திலேயே உண்டாகத் தொடங்கின. அந்தக் கம்பெனியின் பெயர் 2008இல் பாஷ் என்று மாறிய பிறகும் மேஸ்திரிகளின் வாயில் அது மைக்கோதான்.

கம்ப்ரஷன் விஷயம் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். மேஸ்திரி அதையும் பார்க்காமல் விடவில்லை. எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக் கொண்டு செல்ஃப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கொண்டு காது கொடுத்தார். நாலு சிலிண்டரும் ஒரே பலத்தோடிருந்தால் முனகல் ஒரே தாளத்தில் வரும். ஒன்று பலவீனமாயிருந்தால் நாலுக்கு ஒரு தடவை தாளம் நழுவும். நழுவவில்லை. பிறகு எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையை வைத்தார். லேசான ஆவி வந்தது. ரயில் எஞ்சினைப் போல் ஊதவில்லை. "வயசாகிவிட்டது, ஸார். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ரீபோருக்கு இந்த வருஷம் அவசரமில்லை" என்றார்.

பொதுப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை விட்டதும், நாலு சிலிண்டரையும் மானி வைத்து அளந்து குறித்துக் கொள்வதாக ஏற்பாடு. அளப்பதைக் கோயமுத்தூரிலேயே செய்ய வேண்டும் என்று மேஸ்திரி கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறார். சமவெளியில் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு காட்டும் நல்ல எஞ்சின், உதகையின் மெலிந்த காற்றில் 300தான் காட்டும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் மறுபடியும் தராசைத் தூக்கிக் கொண்டு வந்துவிடுவார்கள்.